ரிவெட் சொன்ன பாடம்

ஒர்க்‌ஷாப்பில் ரிவெட் அடிக்கச் சொன்னால், "வெல்டிங் இருக்கும்போது இது எதுக்கு சார்?" என்று முணுமுணுத்தவன் நான். பதில் தந்தது ஜெர்மனியின் நடுத்தர சொகுசு கார், பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ்.

1972-ல் பிறந்த முதல் தலைமுறைக்கு எஃகு உடல். 1995-ல் நான்காம் தலைமுறையின் சஸ்பென்ஷனில் பெரும்பகுதி அலுமினியம் ஆனது. 2003-ல் ஐந்தாம் தலைமுறை வந்தபோது, முன்பாரம் குறைய முன்கூடே அலுமினியம், பின்னால் எஃகு. இரண்டையும் உருக்கி வெல்டிங் செய்தால் இணைப்பு நொறுங்கும். நேராகத் தொட்டு ஈரமும் பட்டால் அலுமினியம் அரிக்கும். என்ன செய்தார்கள்? நடுவே பசை, கூடவே ரிவெட்! பசை ஒட்டவும் செய்யும், உலோகங்களைப் பிரித்தும் வைக்கும்.

2023-ல் வந்த எட்டாம் தலைமுறை மின்சாரத்திலும் ஓடுகிறது. நான் இப்போதெல்லாம் முணுமுணுக்காமல் சுத்தியலை எடுக்கிறேன். நீங்க?