ஐயம் நீங்காத வினா: எண்ணச் சுழற்சி நோயும் வீட்டு மொழியும்

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என நன்னூல் வழி மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவற்றுள் ஐயவினா, இதுவோ அதுவோ எனத் தெளியாதவர் கேட்பது. விடை கிடைத்ததும் ஐயம் நீங்கும். பேச்சு மேலே செல்லும். ஆனால், விடை கிடைத்த பின்னும் ஐயம் நீங்காத வினாவும் உண்டு. "என் கை சுத்தமாகத்தானே இருக்கிறது?", "நான் தொட்டதால் தம்பிக்கு நோய் வருமா?" என ஒரே மாலையில் இருபது முறை கேட்கும் பிள்ளையின் வினா அத்தகையது. எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் வழங்கும் மனநோயின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

இந்நோய்க்கு இரு கூறுகள் உள. ஒன்று, வேண்டாத எண்ணம் விரட்டினும் விலகாமல் வருதல். மற்றொன்று, அதனால் எழும் அச்சம் தணியக் கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், கேட்டல் முதலியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தல். இவை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலோ படிப்பையும் உறவையும் குலைத்தாலோ மருத்துவ மதிப்பீடு தேவை. சிங்கப்பூரில் 2016இல் நடந்த மனநல ஆய்வு, பெரியவர்களில் 28 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவதாகக் காட்டியது. பலருக்கு இது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்குகிறது. வளர்ப்புக் குறையால் வருவதன்று. வீட்டு ஆசாரத்தோடு இதனைக் குழப்புதலும் ஆகாது: ஆசாரம் செய்து முடித்ததும் மனம் நிறையும், இங்கோ எத்தனை முறை செய்தாலும் நிறைவு வருவதில்லை.

பெற்றோர் அன்பினால் "ஆம், சுத்தமாக இருக்கிறது" என்று நேர்விடை தருகின்றனர். பிள்ளைக்குச் சில நிமிடம் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே, 'கேட்டால்தான் அச்சம் தீரும்' என்று மனத்திற்குக் கற்பித்துவிடுகிறது; வினா மீண்டும் எழுகிறது. பிள்ளைக்காகக் கதவின் கைப்பிடியைத் துடைப்பதும், துணியை மறுபடி துவைப்பதும் இத்தகையனவே. நாளடைவில் வீடு முழுவதும் நோயின் விதிக்கு உட்படுகிறது.

அப்படியானால் என்ன விடை கூறுவது? எண்வகை விடையுள் உறுவது கூறல் இங்குப் பயன்படும். "இப்போது உனக்குப் பயமாக இருக்கும். நான் விடை சொல்லாவிட்டாலும் அது மெல்லக் குறையும். நான் உன்னோடு இருக்கிறேன்" எனலாம். வினா எதிர் வினாதலும் உதவும்: "இதைக் கேட்பது நீயா, உன் சுழலா?" இதனைத் திடீரெனத் தொடங்கலாகாது. பிள்ளை அமைதியாக இருக்கும் வேளையில் பேசி, பத்து முறை தரும் விடையை ஏழாகவும், பின்னர் ஐந்தாகவும் குறைக்க இருவரும் உடன்படல் வேண்டும். ஏளனமும் தண்டனையும் அச்சத்தையே வளர்க்கும்.

இம்முறைக்கு அடிப்படை, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாதிருக்கும் பயிற்சி. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட பணி இதற்கு முன்னோடி. இதனை உளவியலாளர் வழிகாட்டுதலில் செய்வதே நன்று. சிலருக்கு மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார்.

தமிழின் தொடரமைப்பும் பெற்றோர்க்குத் துணையாகும். "நான் நினைக்கிறேன்" என்பதில் நினைப்பவர் எழுவாய். "எனக்குத் தோன்றுகிறது" என்பதில் எண்ணமே எழுவாயாக, மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசியும் தூக்கமும் நமக்கு வருவன போல, இந்நோயின் எண்ணமும் பிள்ளைக்கு வருவதே. பிள்ளை விரும்பி எண்ணுவதன்று. "ஏன் இப்படி நினைக்கிறாய்?" என்னும்போது பழி பிள்ளைமேல் விழுகிறது. "அந்த எண்ணம் மறுபடி வந்துவிட்டதா?" என்னும்போது பிள்ளை ஒருபுறமும் நோய் மறுபுறமும் நிற்கின்றன, பெற்றோர் பிள்ளையின் பக்கம் நிற்க இயலுகிறது.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. எழுதியதை அழித்து அழித்து எழுதும் மாணவரும், கழிவறையிலிருந்து நெடுநேரம் திரும்பாத மாணவரும் சோம்பேறிகள் அல்லர். வெட்கத்தால் காரணத்தை மறைப்பவராக இருக்கலாம். அவர்களைத் தனியே அழைத்துப் பேசிப் பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் தெரிவிக்க வேண்டும். மனநலக் கழகத்தின் ரீச் திட்டம் பள்ளி ஆலோசகர்களோடு இணைந்து செயற்படுகிறது. தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாக ஒரு பிள்ளை கூறினால், அன்றே உதவி நாட வேண்டும்.