பூரணத்தை நோக்கி - 9: பலமான ஆகாரம்

எபிரெயர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைச் சென்ற வாரம் தியானித்தோம். மனந்திரும்புதல், தேவன்மேல் விசுவாசம், ஸ்நானம், கைகளை வைத்தல், உயிர்த்தெழுதல், நித்திய நியாயத்தீர்ப்பு ஆகிய ஆறையும் அங்கே அஸ்திபாரம் என்று பார்த்தோம். அஸ்திபாரத்தின்மேல் கட்ட வேண்டியது என்ன?

ஆழமான வேத ஆராய்ச்சி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தானியேலின் எழுபது வாரங்கள், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், வெளிப்படுத்தலின் முத்திரைகள் என்று நோட்டுப் புத்தகம் நிறைகிறது. இதையெல்லாம் கற்பது நல்லதுதான். ஆனால் முந்தின அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்துப் பாருங்கள். பலமான ஆகாரத்துக்கு உரியவர் யார் என்றால், பயிற்சியினால் நன்மை தீமையைப் பிரித்தறியப் பழகியவர். அந்தப் பயிற்சி நோட்டுப் புத்தகத்தில் கிடைப்பதில்லை.

விருதுநகர் மாவட்டத்திலேயே இந்தப் பயிற்சிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்கள் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. தெற்கே மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கமெல்லாம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) சபைகள் வேரூன்றிவிட்டன. வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் சுவிசேஷம் கேட்டவர்கள் சொற்பம். 1854-இல் தாமஸ் ராக்லண்ட் ஐயர் இங்கே கூடாரத்தோடு வந்தார். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெலோ, சென்னையில் சி.எம்.எஸ். காரியதரிசியாக இருந்தவர். அந்த மேஜை வேலையை விட்டுவிட்டு டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய இருவரோடு ஊர் ஊராய்ப் புறப்பட்டார். காலையிலும் மாலையிலும் கிராமங்களுக்குப் போய்ப் பேசுவார்கள்; பிறகு கூடாரம் அடுத்த இடத்துக்கு நகரும். பலன் என்று எண்ணிக் காட்டக்கூடியது அவர் காலத்தில் மிகக் குறைவு. நுரையீரல் நோயோடுதான் உழைத்தார். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில், 43-ஆம் வயதில் காலமானார். அவருடைய வாழ்க்கையைப் பிற்பாடு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் புத்தகமாக எழுதினார்.

ராக்லண்டின் தியாகத்தை நாம் மறப்பதில்லை. அவரோடு நடந்த தமிழ் உபதேசியார்களைத்தான் மறந்துவிடுகிறோம். என்னை அதிகம் தொடுவது அவர்களை அனுப்பிய ஏற்பாடு. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைபோட்டு, மாதக்கணக்கில் வடக்கே அனுப்பின. செலவை அந்தந்தச் சபையே ஏற்றது. பெரும்பாலும் பனையேறிப் பிழைத்த ஜனங்கள் அவர்கள். ஞானஸ்நானம் பெற்று ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். தங்களுக்குப் போதிக்க இன்னும் மிஷனெரி ஐயர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். முகம் தெரியாத ஊருக்காகக் காசு போட்டார்கள். அஸ்திபாரமான மூல உபதேசத்தைக் கடந்து போவதென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் அவர்களே.

இன்று அதே வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிகிறது. மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஐந்தாவது ஆளை உட்கார வைத்தால் சரக்கு சீக்கிரம் முடியும். அறை போதவில்லையென்றால் மரத்தடியில் சாக்கு விரித்து வேலை நடக்கும். அலுமினியப் பொடி ஏறிக் கைகள் வெள்ளியாய் மின்ன, கூலி எத்தனை உருப்படிக்கு என்று கணக்குப் பார்த்தபடி பெண்கள் வேகவேகமாகச் செய்வார்கள். ஐந்தாவது ஆளை உள்ளே விடலாமா என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுக்கிறவர் போர்மேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை எடுக்கிறவராக இருக்கலாம். ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருக்கும் முதலாளி சபைக்குழுவில் இருக்கலாம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நம் சபைகள் அழுது ஜெபிக்கின்றன, உதவித்தொகை திரட்டுகின்றன. அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் விபத்துக்கு முந்தின புதன்கிழமை வேதபாட வகுப்பில் அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி யாராவது பேசியிருப்போமா? நன்மை தீமையைப் பகுத்தறியும் பயிற்சிக்கு இதைவிடக் கூர்மையான பாடம் இந்த மாவட்டத்தில் வேறு எது?

சொல்வது எளிது என்பார் போர்மேன். அவர் சொல்வது நியாயம். முடியாது என்று அவர் சொன்னால் மறுநாள் வேறு போர்மேன் வருவார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிற்கும். விசுவாசமாய் இரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அவரைத் தனியே அனுப்பிவிட்டு நாம் பாட்டுப் பாடினால், நாமும் பலமான ஆகாரம் உண்ணாமல் இன்னும் பால் குடிக்கிற குழந்தைகளே. உபதேசியாரின் சம்பளத்தைத் தெற்கத்திச் சபைகள் சுமந்ததுபோல, மனசாட்சிக்காக வேலையிழக்கும் ஒருவரின் வீட்டுச் செலவை மூன்று மாதமாவது சபை சுமக்க முடியுமா? அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாமா? அடுத்த சபைக்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். போர்மேன்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

அடுத்த வாரம், 6-ஆம் அதிகாரத்தில் பலரைப் பயமுறுத்தும் 4 முதல் 6 வரையிலான வசனங்களுக்கு வருவோம்.

(தொடரும்)