தராசு முள் அசையாத காலம்

தை மாதம் பிறந்ததும் சங்கற்பம் செய்துகொண்டு, சர்க்கரையைக் குறைத்து, விடியற்காலையில் எழுந்து ஊர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, மூன்று மாதங்களில் ஏழெட்டுக் கிலோ எடையை இறக்கிவிட்ட ஒருவர், நான்காவது மாதத்தில், அதே ஆகாரத்தையும் அதே நடையையும் வழுவாமல் அனுசரித்து வந்தும், எடைக்கருவியின் முள் ஒரே எண்ணில் நிலைகுத்தி நிற்பதைக் காண நேரிடுகிறது. முதலில் அவர் கருவியைச் சந்தேகிக்கிறார். அடுத்த வாரம் தம்மையே சந்தேகிக்கிறார். அதற்கடுத்த வாரம், பத்தே நாளில் பத்துக் கிலோ குறைத்துத் தருவதாகக் கைப்பேசியில் வந்து நிற்கும் விளம்பரத்தை நம்பத் தொடங்குகிறார். உழைப்புக்குப் பலன் நின்றுபோன அந்த மாதம், எந்த விவேகியும் எளிதில் ஏமாறக்கூடிய மாதம். ஆதலால், எடை ஏன் நிற்கிறது, அதை மீண்டும் நகர்த்தும் நெறி யாது, எவற்றை நாடினால் உயிருக்கே அபாயம், வஞ்சிக்கப்பட்டால் எங்கே நியாயம் கேட்பது என்னும் நான்கையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்துவைத்திருப்பது அவசியம்.

தேகத்தின் சிக்கனம்

முதல் சில வாரங்களில் எடை விரைந்து இறங்குவதற்குக் கொழுப்பு கரைவது மட்டும் காரணமன்று. ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து ஏறக்குறைய அரைக் கிலோ அளவுக்குச் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கிறது. ஆகாரம் குறைந்ததும் இச்சேமிப்பு முதலில் செலவாகி, அதனோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுவதால், முள் மளமளவென்று இறங்குகிறது. இந்த ஆரம்ப வேகத்தை நிரந்தர வேகமென்று எண்ணிக்கொள்வதே பின்னால் வரும் மனக்கசப்புக்கு வித்து.

1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கிட்டார். இக்கணக்கை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், தினந்தோறும் 500 கலோரி குறைத்து உண்ணும் 80 கிலோ மனிதர் மூன்றரை ஆண்டுகளில் உருவமே இல்லாமல் மறைந்துபோக வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், இளைக்கும் தேகம் முன்போல் செலவழிப்பதில்லை என்பதே. 80 கிலோ சரீரத்தைச் சுமந்து நடப்பதற்குத் தேவைப்பட்ட சக்தி 72 கிலோ சரீரத்திற்குத் தேவைப்படுவதில்லை. அதற்கும் மேலாக, எடையில் 10 சதவீதம் இழந்தவர்களின் அன்றாடச் சக்திச் செலவு, இளைத்த அந்த உடலின் அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைக் காட்டிலும் குறைந்திருந்ததை 1995-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபெலும் அவருடைய சகாக்களும் கண்டறிந்து வெளியிட்டனர். அதே பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1994-இல் கண்டறிந்த லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்பு அணுக்களில் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவிப்பது. கொழுப்புக் குறையக் குறைய இந்தச் சுரப்பும் குறைகிறது. மூளையோ, பஞ்சம் வந்துவிட்டதென்று கருதிப் பசியைத் தூண்டிச் செலவைச் சுருக்குகிறது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 அமெரிக்க இளைஞர்கள், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பரிசோதனைக்குத் தங்களைத் தாமே ஒப்புவித்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து, ஏறக்குறையக் கால்பங்கு எடையை இழந்தார்கள். அவர்களுடைய நாடி தளர்ந்தது, கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது, சமையல் புத்தகங்களை ஆசையோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தி சுமார் 40 சதவீதம் வீழ்ந்திருந்தது. எத்தனையோ பஞ்சங்களைத் தாண்டி மனித குலம் பிழைத்திருப்பது இந்தச் சிக்கனத்தினால்தான். ஆகவே, முள் நின்றதை ஒழுக்கக்குறைவென்று எண்ணி வருந்துவோர், தம்மைக் காக்கவே அமைந்த ஒரு சுபாவத்தைக் குற்றமாகக் கருதிவிடுகிறார்கள்.

முள் நின்றதனால் முயற்சி வீணாயிற்று என்பதும் உண்மையன்று. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 இந்தியரை வைத்துச் சென்னை டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆகாரத்தையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படாதபோதிலும், நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. தராசு காட்டாத நன்மையை இரத்தம் காட்டியது.

நகர்த்தும் நெறி

எடை மெய்யாகவே நின்றுவிட்டதா என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். உப்பு மிகுந்த ஒரு விருந்தும், பெண்களின் மாதவிலக்குக்கு முந்திய நாட்களும், உடலில் நீரைத் தேக்கி எடையை ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டக்கூடும். காலையில், மலஜலம் கழித்தபின், ஒரே கருவியில் நிறுத்து, மூன்று நான்கு வாரங்களின் போக்கைப் பார்த்தே முடிவு செய்வது முறை. இடுப்புச் சுற்றளவையும் உடன் அளந்து குறித்துக்கொள்ளலாம். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எச்சரிக்கை எல்லை. எடை நிற்கையில் இடுப்பு சுருங்கினால், கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது என்பது பொருள்.

இரண்டாவது, உண்பதனைத்தையும் ஒரு வாரம் எழுதிப் பார்ப்பது. எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்று முறையிட்ட சிலரை 1992-இல் நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களைப் பொய்யர் என்பதற்கில்லை. வாய்க்குப் போவது மனத்தில் பதிவதில்லை என்பதே விஷயம். தாளிக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. நாளைக்கு நான்கு தேநீரில் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரை விழுந்தால் 160 கலோரி. பேச்சுவாக்கில் கொறிக்கும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறக்குறைய 170 கலோரி. ஆரம்பத்தில் கண்டிப்பாயிருந்த அளவு மாதங்கள் செல்லச் செல்லத் தளர்வது மனித இயற்கை.

மூன்றாவது, தசையைக் காப்பது. பட்டினியை மேலும் கடுமையாக்கினால் கொழுப்போடு தசையும் கரைந்து, செலவு இன்னும் சுருங்கும். சோற்றைச் சற்றுக் குறைத்து, சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் இவற்றைக் கூட்டிக்கொள்வது பசியையும் அடக்கும், தசையையும் தாங்கும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் நடை முதலிய மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் அப்பியாசமும் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் பாட்டனார் காலத்துத் தண்டாலும் பஸ்கியும் இதற்குப் போதும்.

நான்காவது நித்திரை. 2010-இல் சிகாகோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைவுணவு உண்டவர்களே, படுக்கையில் கழிக்கும் நேரம் எட்டரை மணி நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரமாகக் குறைந்தபோது, பாதிக்கும் குறைவான கொழுப்பையே இழந்தனர். இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின், தைராய்டுக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றில் ஏதேனும் காரணமா என்று மருத்துவரிடம் ஆராய்ந்துகொள்ளலாம். எந்த மருந்தையும் தாமாக நிறுத்துவது கூடாது. இறங்கிய எடையை இரண்டு மாதம் ஏறாமல் காப்பதும் ஒரு சாதனையே என்பதை உணர்ந்து, சற்று இளைப்பாறிப் பின் தொடர்வதிலும் தவறில்லை.

நஞ்சு எது, மருந்து எது

பொறுமையிழந்தவர்களைக் குறிவைத்த விஷங்களின் சரித்திரம் நீண்டது. வெடிமருந்துத் தொழிலில் பயன்பட்ட டைநைட்ரோஃபீனால் என்னும் இரசாயனம் 1933-இல் அமெரிக்காவில் இளைப்பு மருந்தாகப் புகுந்து, பலருக்குக் கண்புரையையும், உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறியதால் சிலருக்கு மரணத்தையும் தந்து, 1938-இல் விலக்கப்பட்டது. அது இன்றும் திருட்டுத்தனமாக விற்பனையாகிறது. இதய வால்வுகளைக் கெடுத்த ஃபென்ஃப்ளூரமின் 1997-இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டிய சிபுட்ரமினை நம் அரசு 2011-இல் தடைசெய்தது. ஆயினும், மூலிகை என்று பெயர் சூட்டப்பட்ட இளைப்புத் தூள்களில் அது இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். தைராய்டுக் குறைவில்லாதவர் தைராய்டு மாத்திரை விழுங்கினால் இதயத் துடிப்புச் சீர்குலையும். பேதி மருந்தும் நீர்ப்போக்கி மாத்திரையும் இறக்குவது நீரைத்தான். கூடவே பொட்டாசியமும் போய் இதயம் தடுமாறும். கொழுப்பைக் கரைக்குமென்று எவரோ காணொளியில் சொல்லக் கேட்டு, நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம் வாங்கித் தாமாக விழுங்குவது, சிறுநீரகத்தையும் உயிரையும் பணயம் வைப்பதாகும். வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பட்டினியால் இறக்குபவர்களுக்குப் பித்தப்பைக் கற்கள் உண்டாகும் வாய்ப்பும் அதிகம்.

இக்காலத்தில் பிரசித்தி பெற்றுள்ள செமக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் மெய்யான மருந்துகளே. ஆயினும் அவை மருத்துவர் சீட்டின்றி வாங்கத்தக்கவையல்ல. அவற்றிலும் எடை ஒரு கட்டத்தில் நின்றேவிடுகிறது. செமக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எடையைப் பற்றிய கவலை முற்றி, உண்டதை வாந்தியெடுப்பதும் உணவையே அஞ்சுவதுமாக எவரேனும் ஆகிவிட்டால், அது நோய்; 14416 என்ற அரசின் மனநல உதவி எண் அவர்களுக்காகவே இருக்கிறது.

சட்டம் தரும் அரண்

உடற்பருமனைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கோ தாயத்து முதலியவற்றுக்கோ பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. அதன் அட்டவணையில் உடற்பருமன் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்திற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். உரிய கவனமின்றி அதில் தோன்றிப் புகழ்ந்த பிரபலங்களையும் ஓராண்டு வரை விளம்பரங்களிலிருந்து விலக்கிவைக்கலாம். உணவுப்பொருளாக விற்கப்படும் ஊட்டச்சத்துத் தூள்களில் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தைத் தொடாதிருப்பதே நலம்.

பணம் கட்டுவதற்குமுன், வாக்களிக்கப்படுவது என்ன, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், சிகிச்சை தருபவரின் மருத்துவப் பதிவு எண் யாது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ரசீது, ஒப்பந்தம், விளம்பரத்தின் பிரதி, மிஞ்சிய மாத்திரைகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். வஞ்சிக்கப்பட்டதாகத் தெரிந்தால், முதலில் எழுத்துமூலம் பணத்தைத் திரும்பக் கேட்டு, கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். அதிலும் தீராவிடில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலானால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. மருந்தினால் உடலுக்குக் கேடு நேர்ந்தால், சிகிச்சை பெற்றபின், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் அதைப் பதிவு செய்வது, உங்களை அறியாத மற்றொருவரின் உயிரைக் காக்கக்கூடும்.

ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை. அந்த மௌனமே வஞ்சகருக்கு மூலதனம். அன்பரே, உங்கள் எடை நின்றுவிட்ட மாதத்தில் இடுப்பை அளந்துபாருங்கள், தட்டைக் கவனியுங்கள், தூக்கத்தைக் கூட்டுங்கள், மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். பத்து நாளில் பத்துக் கிலோ என்று எவரேனும் வந்தால், ரசீதையும் உரிம எண்ணையும் கேளுங்கள். முன்னமே ஏமாந்திருந்தால், நாணத்தை ஒதுக்கிவிட்டு இன்றே புகாரை எழுதுங்கள்.