வெள்ளியால் ஒரு குரோமியப் பளபளப்பு

மதுரை வீதிகளில் இன்றும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களைக் காணலாம். 1955-இல் சென்னையில் உருவான என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் வண்டிகள் அவை. துருவேறிய பாகங்களுக்கு மருந்து தெளித்தே குரோமியப் பளபளப்பு ஏற்றும் முறை ஒன்று இப்போது உண்டு. பெயரில்தான் குரோமியம், படிவது வெள்ளி!

வழவழப்பான அடிப்பூச்சின்மேல் ஸ்டானஸ் குளோரைடுக் கரைசலைத் தெளித்துக் கழுவுகிறார்கள். பிறகு இரட்டை மூக்குத் தெளிப்பானின் ஒரு மூக்கிலிருந்து அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டும், மற்றதிலிருந்து குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் பொருளும் பாய்கின்றன. இரண்டும் கலக்குமிடத்தில் வெள்ளி பிரிந்து படிகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில், சோதனைக் குழாயின் உட்சுவரில் நீங்கள் கண்ட வெள்ளி ஆடியேதான் இது. 1835-இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் இவ்வினையைக் குறித்துவைத்தார்.

கிணற்று நீர் இதற்கு ஆகாது. உவர் நீரிலுள்ள குளோரைடு, வெள்ளி நைட்ரேட்டுடன் சேர்ந்து வெண்ணிற வீழ்படிவாகிவிடும், ஆடி மங்கும். வாலைவடிநீரே வேண்டும். அதைவிட முக்கியம்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்துவைக்கவே கூடாது. நாட்படக் கிடந்தால் அதில் வெடிபொருள் உண்டாகலாம். மிஞ்சியதை அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து முறித்துவிட வேண்டும்.

வெள்ளிப் படலம் மிக மெல்லியது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். எனவே மேலே நிறமற்ற லாக்கர் பூசுகிறார்கள். உண்மையில் உங்கள் கைபடுவது அந்த லாக்கரில்தான். விளக்குக் கூட்டுக்கு அது போதும். கொதிக்கும் புகைக்குழாயிலோ மஞ்சளித்து உரியும்; அங்கே நிக்கல்-குரோமிய மின்முலாமே நிற்கும். வெயிலில் புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தால் லாக்கரில் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.