கிழக்காபிரிக்க அம்புகள்

நூதனசாலைக்குச் செல்வோர் முடிகளையும் அணிகலன்களையும் நின்று நோக்குவர். அம்புக் கட்டுகளைக் கண்டதும் அப்பாற் சென்றுவிடுவர். அவை கல்வியறிவற்றோரின் கரடுமுரடான கருவிகள் என்னும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். 1884ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒக்ஸ்போர்ட் பிற் றிவேர்ஸ் நூதனசாலை முதலிய இடங்களிற் கிழக்காபிரிக்க அம்புகள் பேணப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்றை உறுப்புறுப்பாக ஆராய்வோமாயின், அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது புலனாகும்.

கென்யா நாட்டின் கம்பா, கிரியாமா, வாத்தா மக்களின் நஞ்சம்பை எடுத்துக்கொள்வோம். இறகு பொருத்திய நீண்ட தண்டு ஒன்று. அதன் முனையிற் செருகப்படும் குறுந்தண்டு மற்றொன்று. அதன் நுனியில் இரும்புத் தலை. அம்பு தைத்ததும் நீண்ட தண்டு கழன்று வீழும். நஞ்சு பூசிய குறுந்தண்டோ உடலினுள்ளே தங்கிவிடும். வீழ்ந்த தண்டை வேடன் எடுத்து மீண்டும் பயன்படுத்துவான். கம்பா வேடர் தத்தம் அம்புகளில் உரிமைக் குறி பொறித்தனர். வீழ்ந்த விலங்கு எவருக்குரியது என்று வழக்கு எழுந்தால், அக்குறியே சாட்சி சொல்லும்.

இனி நஞ்சைப் பார்ப்போம். அது அக்கோகாந்தெரா என்னும் மரத்திலிருந்து பெறப்படுவது. நம் முற்றத்து அலரியும் அம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் கட்டையையும் வேரையும் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் நெடுநேரம் காய்ச்சினால், தார் போன்ற கரிய குழம்பு கிடைக்கும். வெயிலிற் காய்ந்தால் அதன் வீரியம் குன்றும். ஆதலால், அம்பிற் பூசியபின் மெல்லிய தோற்பட்டையாற் சுற்றி வைத்து, வேட்டையின்போதே அதனை அவிழ்ப்பர். இரத்தத்திற் கலந்த நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். வாய்வழியாகச் சென்றாலோ மிகச் சிறிதளவே உடலிற் சேரும். எனவே, தைத்த இடத்துத் தசையை வெட்டியெறிந்துவிட்டு ஏனைய இறைச்சியை உண்பர்.

இவ்வறிவை மேனாட்டு விஞ்ஞானம் பின்னரே கற்றுக்கொண்டது. 1888இல் ஆர்னோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் அம்மரத்திலிருந்து நஞ்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு வழங்கும் உவாபெயின் என்ற பெயர், அம்பு நஞ்சைக் குறிக்கும் சோமாலிச் சொல்லிலிருந்து வந்ததாகும். கொல்லும் அப்பொருளே, அளவறிந்து கொடுத்தபோது, தளர்ந்த இதயத்துக்கு மருந்தாயிற்று. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ என்பார், உயிரணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் நொதியத்தைப் பற்றி 1957இல் எழுதினார். அந்நொதியத்தின் தொழிலை உறுதிப்படுத்த அவருக்குத் துணைநின்றது உவாபெயினே. 1997இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

நஞ்சைக் காய்ச்சியோர் கதையோ வேறு. வாத்தா மக்கள் நெடுவில்லால் யானையை வீழ்த்துவதில் வல்லவர். அவர்கள் வேட்டையாடிய நிலத்தின் பெரும்பகுதி 1948இற் சாவோ தேசியப் பூங்காவாயிற்று. 1956, 1957ஆம் ஆண்டுகளில் நடந்த கள்ளவேட்டைத் தடுப்பு நடவடிக்கையில் அவர்களுட் பலர் சிறை சென்றனர். 1977இற் கென்யா முழுவதிலும் வேட்டை தடைசெய்யப்பட்டது. யானையைக் காத்தல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வில் ஓய்ந்தபோது, எம்மரத்தை எப்பருவத்தில் எவ்வாறு காய்ச்சுவது என்னும் கல்வியும், தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லும் வழியை இழக்கலாயிற்று.

பல்லாண்டு கடந்தும் அம்பில் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடுமாதலால், நூதனசாலை ஊழியர் கையுறையின்றி அதனைத் தொடார். நஞ்சு எஞ்சியது, செய்தவன் பெயர் எஞ்சவில்லை. சேகரித்தவர் பெயரைப் பதிந்த பழைய சீட்டுகள் பலவற்றில், செய்தவன் பெயருக்கு இடமே இருந்ததில்லை. மாணவர்கள் இனி எந்த நூதனசாலைக்குச் சென்றாலும், இப்பொருளை ஆக்கியவர் யார், அவர் எதனை அறிந்திருந்தார் என்னும் இரு வினாக்களையும் கேட்டுப் பழகுவார்களாக.