ஓடும் ஏற்றமும் திரும்பிய ஊசியும்

டென்மார்க்கின் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென ஒலி எழுவதையும், இருளில் சிறு பொறிகள் தெறிப்பதையும் நம்மவர் பலர் கண்டிருப்பர். ஊரில் அரிதாயிருந்த இந்நிகழ்ச்சி இங்கு அன்றாடமாகிவிட்டதேன்?

இரு பொருள்கள் உராயும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன்கள் இடம்மாறுகின்றன. பெற்றது மறையேற்றமும், இழந்தது நேரேற்றமும் கொள்கின்றன. யாழ்ப்பாணத்தின் ஈரக்காற்றில், பொருள்களின் மேற்பரப்பிற் படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே அவ்வேற்றம் கசிந்து போய்விடும். இங்கோ குளிர்ந்த வெளிக்காற்றில் நீராவி குறைவு. வீட்டினுள் அக்காற்றைச் சூடாக்கும்போது சாரீரப்பதன் மேலும் வீழ்கிறது. ஆகவே ஏற்றம் போக வழியின்றித் தங்கி, ஈற்றில் பொறியாகப் பாய்கிறது.

ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், ஒவ்வாதவை கவரும். இடைத்தூரம் இருமடங்கானால் விசை நான்கிலொன்றாகும் என்பதை 1785 இல் பிரெஞ்சு அறிஞர் கூலோம் அளந்து காட்டினார். ஓர் ஏற்றம் தன்னைச் சூழ்ந்த வெளியில் உண்டாக்கும் இந்தச் செல்வாக்கையே மின்புலம் என்கிறோம்.

இதற்கு அடுத்த படியை எடுத்துவைத்தவர் இந்நாட்டவரே. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1777 இல் லாங்கலாண்ட் தீவிலுள்ள ருட்கேபிங் நகரில், மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த அவர், 1820 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் விரிவுரையொன்றின்போது கம்பியொன்றினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினார். அருகிலிருந்த திசையறி ஊசி அசைந்தது. தொடர்ந்து ஆராய்ந்தபோது, கம்பிக்கு மேலே வைத்த ஊசியும் கீழே வைத்த ஊசியும் எதிரெதிர்த் திசைகளில் திரும்புவதை அவதானித்தார். முடிவுகளை அவ்வாண்டு யூலை 21 ஆந் திகதி நான்கு பக்க இலத்தீன் கட்டுரையாக வெளியிட்டார்.

இதன் பொருள் யாது? அசையாது நிற்கும் ஏற்றத்தைச் சூழ மின்புலம் மாத்திரமே உண்டு. ஏற்றம் ஓடத் தொடங்கியதும் காந்தப்புலமும் தோன்றி, கம்பியை வளையமாகச் சூழ்கிறது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831 இல் மைக்கேல் பரடே நிறுவினார். இன்று டென்மார்க்கின் கரையோரங்களிற் சுழலும் காற்றாலைகள் மின்னைப் பிறப்பிப்பது அவ்விதியினாலேயே.

ஏர்ஸ்டெட்டின் இன்னொரு தொண்டும் நமது கவனத்துக்குரியது. அறிவியலைத் தாய்மொழியிற் பேசவேண்டுமென விரும்பிய அவர், ஒட்சிசனுக்கு 'இல்ட்' எனவும் ஐதரசனுக்கு 'பிரிண்ட்' எனவும் டெனிஷ் சொற்களை ஆக்கினார். இன்றும் டெனிஷ் மொழியில் அவை வழங்குகின்றன. நமக்கும் இத்தகைய மரபு உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கெனக் கலைச்சொற்களையும் தொகுத்தார்.

நம் பிள்ளைகள் பௌதிகத்தை டெனிஷ் மொழியிற் கற்கிறார்கள். தமிழில் அதனைக் கற்ற பெற்றோர், மொழி தெரியாதென்று பாடநூலிலிருந்து ஒதுங்கிக்கொள்கின்றனர். ஏற்றம், மின்புலம், மின்னோட்டம் என்ற சொற்கள் அவர்களிடம் உள்ளன; பிள்ளைகளிடம் அவற்றின் டெனிஷ் சொற்கள் உள்ளன. ஒரு மின்கலமும், சிறுதுண்டுக் கம்பியும், திசையறி ஊசியும் இருந்தால் ஏர்ஸ்டெட்டின் பரிசோதனையை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். கம்பி விரைவிற் சூடேறுமாதலால் ஒரு கணம் மட்டும் தொடுத்து எடுக்கவேண்டும். ஊசி ஏன் திரும்பியதென்று பிள்ளை டெனிஷில் சொல்லட்டும். பெற்றோர் தமிழிற் சொல்லட்டும். இரு மொழிகளிலும் விதி ஒன்றே.