சுனாமிக்கு முன்பே சேர்ந்த சிநேகம்!

தரங்கம்பாடியை மறக்காத டென்மார்க்காரர்கள்

வளையமாதேவி:
நெய்வேலி வட்டாரத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிது அல்ல. 1962-ல் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கி, 2020-ல் மூடப்பட்ட முதல் அனல் மின் நிலையம் ரஷ்ய உதவியுடன் கட்டப்பட்டது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தன. கூடவே வந்த நிபுணர்கள் வேலை முடிந்ததும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

போன பிறகும் தேடி வருகிற வெள்ளைக்காரர்கள் உண்டா? உண்டு!

வளையமாதேவியில் இருந்து சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. அந்த ஊருக்கும் டென்மார்க்குக்கும் உள்ள உறவுக்கு வயசு 400-க்கு மேல்!

தங்கத்தில் கடிதம்

1620-ல் டென்மார்க் கப்பல்கள் மிளகு வாங்க வந்தன. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் கடிதமும் அனுப்பினார். அது இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அப்போது கடலோரம் எழும்பியதுதான் டேனிஷ் கோட்டை.

மணலில் "அ, ஆ"

வியாபாரத்துக்கு வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். ஊரைத் தெரிந்துகொண்டவர் வேறு ஒருவர். டென்மார்க் ராஜா அனுப்பி, 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு!

அவர் பொடிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பிறகு ஊர்க்காரர்களிடம் கேள்வி மேல் கேள்வி. உங்க சாமி எது? கல்யாணம் எப்படி? பண்டிகை என்ன? அவர்கள் கடிதமாகவே பதில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாகி ஐரோப்பாவுக்குத் தமிழனின் வாழ்க்கையைச் சொல்லின.

1845-ல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. ஊர் கைமாறியது, உறவு அறுந்துபோகவில்லை.

அலை வருமுன்...

2002-ல் டென்மார்க்கில் தரங்கம்பாடிக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது நோக்கம். வந்து தங்கினார்கள். ஊர் ஜனங்களோடு பழகினார்கள்.

இரண்டே வருஷம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. சுனாமி பாய்ந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் பலி! தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பில் வீடு, படகு, வலை எல்லாம் போச்சு. கல் கோட்டை தப்பியது. ஓலைக் குடிசை தப்பவில்லை.

அதே சுனாமி தாய்லாந்துக்குச் சுற்றுலா போயிருந்த டென்மார்க்காரர்கள் 40-க்கும் மேற்பட்டோரையும் பலி வாங்கியது. அங்கேயும் அழுகை. அந்தத் துக்கத்திலும், தரங்கம்பாடிக்காக அங்கே பணம் திரட்டினார்கள்.

முன்பின் தெரியாத ஊர் என்றால், பேப்பரில் பார்க்கிறபோது அது வெறும் பலி எண்ணிக்கை. டீ கொடுத்த கையும் வழி காட்டிய பையனும் ஞாபகத்தில் இருந்தால், அது சொந்த வீட்டுத் துக்கம். கோட்டைச் சுவரைப் பூச வந்தவர்களுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பது யார் என்று முன்பே தெரிந்திருந்தது.

சுனாமி சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்த பிறகு சிநேகம் தேட நேரம் இருப்பதும் இல்லை!